3,000 ஆண்கள், 1,000 பெண்கள்: ஒரு கணிதப் பேராசிரியர் கல்லூரித் தலைவரானபோது

இந்த நிகழ்வு ஆய்வு, அமெரிக்காவின் நியூ ஹாம்ஷையர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் 1970 முதல் 1981 வரை நடந்ததைப் பற்றியது. இருநூறு வருடம் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. பெண்களைச் சேர்க்கும் முடிவு ஒரு கணிதப் பேராசிரியர் தலைவராக இருந்தபோது எடுக்கப்பட்டது. எடுத்த விதத்தில் கணித மூளையின் முத்திரை அழுத்தமாக விழுந்திருக்கிறது. அதனால் வந்த நன்மையும் உண்டு, அதே காரணத்தால் வந்த தொல்லையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தலைவர் ஜான் கெமெனி. வரலாற்றில் எல்லோரும் அறிந்த பெயர், மறைப்பதில் பொருளில்லை. மற்றபடி இந்த முடிவோடு தொடர்புள்ள அறங்காவலர்கள் (கல்லூரியை ஆளும் குழுவினர்), நிர்வாகிகள், பேராசிரியர்கள், மாணவர்கள் யாரையும் பெயர் சொல்லாமல் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: ஆள்

கெமெனி 1926இல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கை நீண்டுகொண்டிருந்த நேரத்தில், 1940இல், குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. கிளம்ப மறுத்த தாத்தா நாஜிகளின் கொலைகளில் இறந்துபோனார். வந்த மூன்றே வருடத்தில் பையன் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பின் நடுவே ராணுவம் அழைத்து லாஸ் அலமோஸுக்கு அனுப்பியது. அங்கே அணுகுண்டுத் திட்டத்தின் கணக்குப் பிரிவில், துளை அட்டைகளைத் தின்னும் இயந்திரங்களோடு வேலை. இரவு பகலாக ஒரு குழுவே உட்கார்ந்து ஒரு வருடம் போட்ட கணக்கை, கால் நூற்றாண்டு கழித்து ஒரு இளங்கலை மாணவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார் என்று பிற்காலத்தில் அவரே சொல்வதுண்டு.

1949இல் முனைவர் பட்டம். வழிகாட்டி, தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச். பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார். டார்ட்மத் அவரை அழைத்துக்கொண்டது கணிதத் துறையைப் புதிதாகக் கட்டுவதற்கு. முப்பது வயதாவதற்குள் பேராசிரியர், சீக்கிரமே துறைத் தலைவர். ஆய்வில் முக்கியமான பங்களிப்பு மார்க்கோவ் சங்கிலிகள்: இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்த நிலைக்கான வாய்ப்பைக் கணிக்கும் கணித முறை. அந்தத் துறையில் அவர் பெயரிலேயே ஒரு மாறிலி இருக்கிறது.

ஆனால் அவரை உலகம் அறிந்தது வேறொன்றால். 1964 மே 1, விடியற்காலை 4 மணி. கெமெனியும் சக கணிதப் பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸும் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கிய நேரப் பகிர்வு முறையில், இரண்டு முனையங்களிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் ஓடின. அந்த நிரல்களை எழுதிய கணினி மொழியின் பெயர் பேசிக். எண்பதுகளில் பள்ளிக் கணினி வகுப்பில் வரிக்கு வரி 10, 20 என்று எண் போட்டு அடித்துப் பழகிய நம்மூர்த் தலைமுறைக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். அன்று கணினி நேரம் என்பது தங்கத்தின் விலை. அதை எல்லா மாணவருக்கும், இலக்கியம் படிக்கிறவருக்கும்கூட, காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். நூலகத்தில் யாரும் அலமாரிக்கே போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்றால் கணினிக்கு மட்டும் ஏன் பூட்டு என்பது அவர்கள் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது, பற்றாக்குறையை அவர் அணுகிய விதம். இயந்திரம் ஒன்றுதான், கேட்பவர்கள் நிறையப் பேர். ஆளுக்கொரு இயந்திரம் வாங்க முடியாது. அப்போது அவர் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒருவர் யோசிக்கும் இடைவெளியில் இன்னொருவரின் வேலை ஓடும். எட்டு வருடம் கழித்து விடுதி அறைகளிலும் இதையேதான் செய்தார்.

பின்னணி: கல்லூரி

டார்ட்மத் 1769இல் தொடங்கியது. நகரங்களிலிருந்து ஒதுங்கிய கல்லூரி, நீண்ட பனிக்காலம், வார இறுதியில் பக்கத்து மாநிலப் பெண்கள் கல்லூரிகளிலிருந்து பேருந்தில் பெண்கள் விருந்துக்கு வந்துபோவார்கள். முன்னாள் மாணவர்களின் பாசம் கொஞ்சம் மிகையாகவே இருக்கும். கல்லூரி கைநீட்டினால் பணம் தருபவர்கள், அதனாலேயே கல்லூரி நடப்பில் தங்களுக்கும் ஒரு குரல் உண்டென்று நம்புபவர்கள்.

அறுபதுகளின் இறுதியில் காற்று மாறியது. 1969 மே மாதம், வளாகத்தில் ராணுவப் பயிற்சிப் பிரிவு இருப்பதை எதிர்த்து மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து வெளியேற்றியது. பிடிபட்டவர்களுக்கு 30 நாள் சிறை. அதே வருடம் இலையுதிர் காலத்தில் யேலும் பிரின்ஸ்டனும் பெண்களைச் சேர்த்தன. டார்ட்மத்துக்கு வேறு கல்லூரிகளிலிருந்து பரிமாற்ற மாணவிகள் ஒரு வருடம் படித்துப் போக வந்தார்கள். பட்டம் மட்டும் கிடையாது.

இந்த நிலையில் கால் நூற்றாண்டு தலைவராக இருந்தவர் ஓய்வு பெற, 1970 மார்ச்சில் கெமெனி 13ஆவது தலைவரானார். அங்கே படித்தவர் அல்ல. பேச்சில் ஹங்கேரிய வாடை. பொறுப்பேற்றாலும் வகுப்பை விடமாட்டேன் என்றார். வருடத்துக்கு இரண்டு பாடங்கள் எடுப்பது என்று முடிவாயிற்று.

முதல் சோதனை: 1970 மே

பதவிக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 30 அன்று பக்கத்து நாடான கம்போடியாவுக்குள்ளும் படை நுழைவதாக அதிபர் நிக்சன் அறிவித்தார். மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். நாடு முழுக்க வளாகங்கள் கொதித்தன.

கெமெனி மாணவர்கள் நடத்திய வானொலியில் பேசினார். அந்த வாரம் வழக்கமான வகுப்புகள் இல்லை. நடந்ததைப் பற்றி எல்லோரும் சேர்ந்து யோசிப்போம், பேசுவோம் என்றார். முந்தைய வருடம் போலீஸ் வந்த வளாகத்தில் இந்த முறை கல் ஒன்றும் பறக்கவில்லை. வெளியே வேறு கதை. மாநிலத்தின் பழமைவாத நாளிதழ் ஒன்று புதிய தலைவரை வறுத்தெடுத்தது. முன்னாள் மாணவர்களில் ஒரு பகுதியினர், கல்லூரி தெருவில் நிற்பவர்களுக்குப் பணிந்துவிட்டது என்றார்கள்.

இந்த முடிவு சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு விலை இருந்தது. பெண்கள் சேர்க்கை விஷயம் மேசைக்கு வந்தபோது, முன்னாள் மாணவர்களிடம் அவருக்கு இருந்த நல்லெண்ணக் கணக்கில் ஏற்கெனவே ஒரு பெரிய பற்று எழுதப்பட்டிருந்தது. அடுத்து அவர் எடுத்த முடிவின் வடிவத்தை அதை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

சிக்கல் என்னவாக இருந்தது

பேராசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள் வேண்டும் என்றார்கள். மாணவர்களிலும் ஆதரவு அதிகம். அறங்காவலர் குழு பிளவுபட்டிருந்தது. எதிர்த்த முன்னாள் மாணவர்கள் முன்வைத்த வாதங்களில் பெரும்பாலானவை உணர்ச்சியானவை. பதில் சொன்னாலும் தீராதவை. ஒன்று மட்டும் எண்ணில் இருந்தது. பெண்களுக்கு இடம் கொடுத்தால் அந்த அளவு ஆண்களின் இடம் குறையும். என் பையனுக்கு, என் பேரனுக்கு இடம் கிடைக்காமல் போகும்.

சரி, ஆண்களைக் குறைக்காமல் பெண்களைக் கூட்டலாமே என்றால் விடுதி இல்லை, வகுப்பறை இல்லை, கட்டப் பணமும் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு அமைந்த வளாகத்தில் 4,000 பேரை எங்கே வைப்பது?

எடுத்த முடிவும் அதன் கணக்கும்

அறங்காவலர் குழு 1971 நவம்பரில் வாக்களித்தது. 1972 இலையுதிர் காலம் முதல் பெண்கள் பட்டப்படிப்பில் சேரலாம். கூடவே கல்லூரி வருடம் முழுக்க நடக்கும்: தலா பத்து வாரம் கொண்ட நான்கு பருவங்கள், கோடையும் அவற்றில் ஒன்று. டார்ட்மத் திட்டம் என்று இதற்குப் பெயர் வந்தது.

கணக்கை எளிமைப்படுத்திச் சொல்கிறேன். வளாகம் ஒரே நேரத்தில் 3,000 பேரைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் வருடத்தில் மூன்று பருவம் இருக்கிறார். கல்லூரியும் மூன்று பருவம்தான் நடக்கிறது என்றால் மொத்தம் 3,000 பேர், அவ்வளவுதான். கோடையையும் திறந்தால் 3,000 பெருக்கல் 4, அதாவது 12,000 இருக்கைப் பருவம் கையில் வருகிறது. ஆளுக்கு மூன்று வீதம் வகுத்தால் 4,000 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் ஆயிரம் இடம்.

காகிதத்தில் இது அழகு. நடைமுறையில் ஒரு ஓட்டை உண்டு: இந்த விடை வர வேண்டுமானால் நான்கு பருவத்திலும் கூட்டம் சமமாகப் பரவ வேண்டும். எல்லோருக்கும் பிடித்தது இலையுதிர் காலம். கோடையில் யாராவது தானாக வந்து உட்காருவார்களா? அதனால் ஒவ்வொருவரும் ஒரு கோடையையாவது வளாகத்தில் கழித்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். விருப்பத்துக்கு விட்டிருந்தால் கணக்கு முதல் வருடமே கவிழ்ந்திருக்கும்.

ஆயிரம் இடம் பிறந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது. முன்னாள் மாணவர்களின் எண் சார்ந்த அந்த ஒரே எதிர்ப்பை அடைக்க, ஆண்களின் எண்ணிக்கை 3,000 என்று நிலைநிறுத்தப்பட்டது. பெண்கள் 1,000. உங்கள் பிள்ளைகளின் இடம் அப்படியே இருக்கிறது என்று கெமெனி ஊர் ஊராகப் போய்ச் சொல்ல முடிந்தது, சொன்னார்.

நியாயமாகப் பார்த்தால், அந்த உறுதி இல்லாமல் 1971இல் வாக்கு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அன்றைக்கு அது வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நடந்தது

1972 செப்டம்பரில் கல்வியாண்டுத் தொடக்கக் கூட்டத்தில் கெமெனி பெண்களையும் சேர்த்து விளித்து உரையைத் தொடங்கினார். அரங்கம் ஆரவாரம் செய்தது. பத்தே மாதத்தில் விண்ணப்பம் வாங்கி, ஆள் தேர்ந்து, விடுதி ஒதுக்கி இதைச் செய்து முடித்தது நிர்வாக அளவில் பெரிய வேலை. பணம் நின்றுபோகும் என்று பயந்தபடி கல்லூரி சரிந்துவிடவில்லை.

வளாகத்துக்குள் நிலைமை வேறு. பெண்கள் வருவதைவிடச் சாவதே மேல் என்ற பொருளில் விடுதி ஜன்னல்களில் துணிப் பதாகைகள் தொங்கின. மாணவிகளைக் குறிக்க ஒரு கொச்சையான பட்டப்பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1975இல் ஆண் மாணவர்களின் தோழமைச் சங்கங்களுக்கிடையே நடந்த பாட்டுப் போட்டியில், அந்தப் பட்டப்பெயரையே வைத்துப் பெண்களை இழிவுபடுத்திக் கட்டிய பாட்டுக்குப் பரிசு கிடைத்தது. நடுவராக இருந்தவர் கல்லூரியின் மூத்த நிர்வாகி ஒருவர்.

இதை ஒரு சில முரடர்களின் வேலை என்று ஒதுக்கிவிடலாம்தான். என்னால் முடியவில்லை. நான்கில் ஒருவர் என்பது வகுப்பில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட கருத்தரங்கில் மூன்று பெண்கள். விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒருவர், சில நாள் அதுவும் இல்லை. பழைய பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் பெரும்பான்மைக்கு வரவே வராத விகிதம் அது. இதோடு பருவத் திட்டமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பருவம் உன் அறைத்தோழி இருப்பாள், அடுத்த பருவம் அவள் வெளியூரில். திரும்பி வரும்போது நீ விடுப்பில். எண்ணிக்கையில் சிறியதாக இருக்கும் ஒரு கூட்டத்துக்கு ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வதுதான் பலம். அதை அட்டவணையே கலைத்துப் போட்டது. தொடர்ச்சி அறுகிறது, நட்பு அறுகிறது என்ற குறையை டார்ட்மத் மாணவர்கள், ஆண்களும் பெண்களும், இன்றுவரை சொல்கிறார்கள்.

அதாவது, இடத்தை உருவாக்கிய கணக்கும் இடத்தைப் பங்கிட்ட உறுதியும் தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். இரண்டும் சேர்ந்து உள்ளே வந்தவர்களைத் தனியாக நிறுத்தின.

மாற்றம் மெதுவாக வந்தது. ஆண் பெண் ஒதுக்கீடு இல்லாமல் விண்ணப்பங்களைப் பார்ப்பது என்று எழுபதுகளின் இறுதியில் அறங்காவலர்கள் முடிவு செய்தார்கள். எண்ணிக்கை சமமாகத் தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஆயிற்று.

கூடவே எடுத்த இன்னொரு முடிவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் ஒப்பிட உதவும். கல்லூரியின் 1769ஆம் ஆண்டுச் சாசனம், அது எதற்காக என்று சொல்லும்போது அமெரிக்கப் பழங்குடி இளைஞர்களின் கல்வியைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கான பணத்தை இங்கிலாந்து போய்த் திரட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் மோகிகன் இனத்தைச் சேர்ந்த போதகர் சாம்சன் ஆக்கம். அப்புறம் இருநூறு வருடத்தில் அங்கே பட்டம் பெற்ற பழங்குடியினர் வெறும் 19 பேர். கெமெனி பதவியேற்றபோதே இந்தக் கடனை எடுத்துப் பேசினார். மாணவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். 1972இல் பழங்குடியினர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 1974இல், விளையாட்டு அணிகளுக்குச் சூட்டியிருந்த ‘இந்தியன்’ சின்னம் (அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும் பழைய பெயர்) கல்லூரியின் நோக்கத்தோடு பொருந்தாது என்று அறங்காவலர்கள் அறிவித்தார்கள்.

இங்கே கவனியுங்கள்: ஆள் சேர்ப்பு, பாடத்திட்டம், சின்னம் மூன்றும் இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. எதிர்ப்பு இதற்கும் கடுமையாகவே இருந்தது. சின்னம் பல வருடம் சட்டைகளில் பிடிவாதமாகத் தொடர்ந்தது. ஆனாலும் கல்லூரி தன் நிலையை வாய்விட்டுச் சொல்லியிருந்தது. பெண்கள் விஷயத்தில் அந்த அளவுக்குச் சொல்லவில்லை.

கடைசி வருடங்கள்

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. விசாரிக்க அமைத்த 12 பேர் ஆணையத்துக்கு அதிபர் கார்ட்டர் கெமெனியைத் தலைவராக்கினார். அக்டோபரில் அறிக்கை வந்தது. கருவிகளைவிட மனிதர்களும் அவர்களை நடத்திய அமைப்புகளும்தான் முக்கியப் பிரச்சினை என்பது அதன் சாரம்: இயக்குபவர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதாது, கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பின் மனப்பான்மையே மாற வேண்டும். எந்திரம் சரியாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்த அறிக்கை அது. அதை எழுதியவர்களின் தலைவர் ஒரு கணிதர் என்பதை, மேலே சொன்ன கதையோடு சேர்த்துப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த முடிச்சை அவர் போட்டதாக நான் சொல்லவில்லை.

1981இல் பதவியை விட்டார். பல தலைவர்களைப் போல ஏதாவது அறக்கட்டளைக்குப் போகவில்லை. கணிதத் துறைக்கே திரும்பிப் பாடம் நடத்தினார். பதினொரு வருடமும் வகுப்பை விடாமல் வைத்திருந்ததால் திரும்புவதில் சிரமம் இருந்திருக்காது. பேசிக் மொழியை ஒவ்வொரு கணினிக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டது என்ற ஆதங்கத்தில், கர்ட்ஸோடு சேர்ந்து ட்ரூ பேசிக் என்ற திருத்தமான வடிவத்தையும் கொண்டுவந்தார். 1992 டிசம்பரில் இறந்தார், வயது 66.

மறுபடி செய்வதானால்

வருடம் முழுக்க நடக்கும் திட்டத்தை நான் தொடமாட்டேன். கட்டடம் கட்டக் காத்திருந்தால் இன்னும் பத்து வருடம் போயிருக்கும். ஒரே ஒரு திருத்தம்: முதல் சில வருடங்களுக்காவது, சேர்ந்து வரும் மாணவிகள் சிறு குழுக்களாக ஒரே பருவங்களில் இருக்கும்படி அட்டவணை போட்டிருக்கலாம். நேரப் பகிர்வு முறையை எழுதியவர்கள் இருந்த வளாகத்தில் இந்த அட்டவணை பெரிய சவாலாக இருந்திருக்காது.

3,000 என்ற எண்ணில் கை வைப்பேன். 1971இல் அதைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது என்று ஏற்கெனவே சொன்னேன். ஆனால் கொடுக்கும்போதே அது எத்தனை வருடத்துக்கு என்று தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும். ஐந்து வருடம், அதன்பின் மறுபரிசீலனை என்று ஒரு வரி போதும். முன்னாள் மாணவர்களுக்குச் சொல்லவும் அது எளிது. காலம் குறிக்காமல் கொடுத்த வாக்கு, கேட்டவர்களின் உரிமையாகவே மாறிவிட்டது. அதைத் திரும்பப் பெற ஏழெட்டு வருடமும் இன்னொரு சுற்றுச் சண்டையும் வேண்டியிருந்தன.

அப்புறம், மாணவிகள் வருவதற்கு முன்பே, அவர்களின் அன்றாட வாழ்க்கைக்குப் பொறுப்பான நிர்வாகிகள் எதைப் பொறுப்பார்கள், எதைப் பொறுக்கமாட்டார்கள் என்று தலைவரின் கையெழுத்தோடு ஒரு பக்கம் வெளியிட்டிருக்க வேண்டும். 1975 பாட்டுப் போட்டியில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு பக்கம் கையில் இருந்திருந்தால் பரிசு போகாமல் இருந்திருக்கலாம். பழங்குடிச் சின்னம் பற்றிய அறங்காவலர் அறிவிப்பு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. எழுதத் தெரியாமல் விட்டதல்ல.

கல்லூரி கீதத்தையும் இதே கோப்பில் சேர்ப்பேன். ‘டார்ட்மத்தின் ஆண்களே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பட்டமளிப்பு விழாவில் எழுந்து நின்று பாடிய மாணவிகள், முதல் வகுப்பு சேர்ந்து பதினாறு வருடம் கழித்து, 1988இல்தான் சொற்கள் மாறக் கண்டார்கள். அதை 1972இலேயே மாற்றியிருந்தால் விடுதியில் ஒரு கட்டில்கூடக் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்காது.